தோணி போகாத ஆறு

கடற்கரை நகரங்களில் இப்போது ஒரு பொழுதுபோக்கு பரவி வருகிறது. ஓர் ஆள் மட்டும் உட்காரக்கூடிய கயாக் படகில் ஏறி, ஊருக்குள் ஓடும் ஆறு, ஓடை, கால்வாய், கழிமுகம் என்று துடுப்புப் போட்டுச் சுற்றி வருவது. சாலையில் போகும்போது தெரியாத ஊர் தண்ணீரில் போகும்போது தெரியும் என்கிறார்கள். உண்மைதான். எந்த ஊரும் தன் முதுகைத்தானே ஆற்றுப் பக்கம் காட்டிக்கொண்டு நிற்கிறது!

சரி, அதே கயாக்கைத் திருநெல்வேலிக்குக் கொண்டு வந்தால்? பாபநாசத்தில் தாமிரபரணியில் இறக்கிவிட்டு, புன்னைக்காயலில் கடலைப் பார்க்கும் வரை போக முடியுமா?

முடியாது. கொஞ்ச தூரத்திலேயே இறங்கி, படகைத் தலையில் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டியிருக்கும். அப்புறம் இன்னும் ஏழு தடவை அப்படியே நடக்க வேண்டும். காரணம், இந்த ஆற்றின் குறுக்கே எட்டு அணைக்கட்டுகள் இருக்கின்றன. ஏன் எட்டு, யாருக்காக எட்டு என்று கேட்டுக்கொண்டே போனால் நெல்லைச் சீமையின் பாதி வரலாறு கையில் கிடைத்துவிடும்.

பூ போன வழி

இந்த ஆற்றில் மலையடிவாரத்தில் இருந்து கடலோரம் வரை ஒரு பயணம் நடந்ததாகச் சொல்லும் பழைய கதை ஒன்று உண்டு. அதில் படகு இல்லை, தாமரைப் பூதான் இருக்கிறது. அகத்தியரின் சீடர் உரோமச முனிவர் ஒன்பது தாமரை மலர்களை ஆற்றில் விட்டாராம். அவை ஒவ்வொன்றாகக் கரை ஒதுங்கிய இடங்களில் சிவன் கோயில்கள் எழுந்தனவாம். பாபநாசத்தில் தொடங்கி சேரன்மகாதேவி, கோடகநல்லூர், குன்னத்தூர், முறப்பநாடு, ஸ்ரீவைகுண்டம், தென்திருப்பேரை, ராஜபதி வழியாகச் சேர்ந்தபூமங்கலம் வரை உள்ள நவகைலாயத் தலங்களின் கதை இது.

புராணத்தை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். ஆனால் கதையைச் சொன்னவர்களுக்கு ஆற்றின் போக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. மேலிருந்து கீழே ஊர்களை வரிசை மாறாமல் அடுக்கி வைத்த ஒரு வரைபடம் போலவே இருக்கிறது அந்தக் கதை.

பொதிகை மலையில் பிறக்கும் தாமிரபரணிக்கு நீளம் அதிகம் கிடையாது. சுமார் 128 கிலோமீட்டர்தான். காவிரியோடு ஒப்பிட்டால் குட்டி ஆறு. ஆனால் தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டுமே இதற்கு நீர் தருகின்றன. அதனால்தான் நெல்லையில் கார், பிசானம் என்று இரண்டு நெல் போகங்கள். பக்கத்தில் கரிசல் காடு வானத்தைப் பார்த்துக் காத்துக் கிடக்கும்போதும் ஆற்றங்கரையில் மட்டும் பச்சை தெரியும். அந்தப் பச்சை தானாக வந்ததல்ல, எட்டு அணைகள் கொண்டு வந்தது.

எட்டு அணை, பதினொரு கால்வாய்

மேலிருந்து கீழாக அந்த எட்டின் பெயர்கள்: கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம். இவற்றில் முதல் ஏழும் வெள்ளைக்காரர்கள் வருவதற்கு முன்பே இருந்தவை. எட்டாவதான ஸ்ரீவைகுண்டம் மட்டும் பிரிட்டிஷ் ஆட்சியில், 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் கட்டப்பட்டது.

அணை என்றதும் மேட்டூர் மாதிரி மலைக்கு நடுவே உயர்ந்து நிற்கும் சுவரை நினைக்கக் கூடாது. இவை உயரம் குறைந்தவை. ஆற்றைத் தேக்கி வைப்பது இவற்றின் வேலை இல்லை. தண்ணீர் மட்டத்தைக் கொஞ்சம் உயர்த்தி, பக்கத்தில் உள்ள கால்வாய்க்குள் திருப்பிவிட வேண்டும், அவ்வளவுதான். மீதித் தண்ணீர் அணையின் மேலே வழிந்து அடுத்த அணைக்குப் போய்விடும். மேலே உள்ளவன் எடுத்தது போக கீழே உள்ளவனுக்கும் கிடைக்கும்.

எட்டு அணைகளில் இருந்து பதினொரு கால்வாய்கள் பிரிகின்றன. மொத்தப் பாசனம் சுமார் 86,000 ஏக்கர். கோடகன் கால்வாய், பாளையங்கால்வாய், திருநெல்வேலிக் கால்வாய் இவையெல்லாம் ஊர்க்காரர்களுக்குப் பழகிய பெயர்கள். திருநெல்வேலிக் கால்வாய் டவுனுக்குள் புகுந்து நயினார்குளத்தை நிரப்புகிறது. பாளையங்கால்வாய் பாளையங்கோட்டைப் பக்கம் போகிறது. கால்வாயின் வழியில் குளங்கள், குளத்தின் கீழே வயல்கள். ஆற்றில் வெள்ளம் வரும் நாட்களில் குளங்கள் நிரம்பிக்கொள்ளும், ஆறு மெலிந்த நாட்களில் அந்தத் தண்ணீரை வைத்து வயல் பிழைத்துக்கொள்ளும். வங்கியில் போட்டு வைத்த சேமிப்பு மாதிரி!

இதில் கன்னடியன் கால்வாய்க்கு மட்டும் தனிக் கதை உண்டு. கன்னட தேசத்தில் இருந்து வந்த ஒரு பிரம்மச்சாரி தன் பொன்னை அம்பாசமுத்திரத்தில் ஒருவரிடம் கொடுத்து வைத்தான். அது திரும்பக் கிடைப்பதற்குள் பெரும்பாடு பட்டான். கிடைத்த பிறகு அந்தப் பொன்னை வைத்துக் கால்வாய் வெட்டினான். எந்த வழியாக வெட்டுவது? ஒரு பசுவின் பின்னால் போ, அது நடந்த வழியே வாய்க்கால், அது படுத்த இடம் குளம் என்று அகத்தியர் சொன்னாராம்.

கதையில் இருக்கும் கணக்கைக் கவனிக்க வேண்டும். சும்மா கிடந்த பொன், ஊருக்கே பயன்படும் சொத்தாக மாறுகிறது. பசுவும் சரியான வழிகாட்டிதான். மேய்ச்சல் மாடு மேட்டில் மூச்சு வாங்க ஏறாது, சரிவைப் பார்த்து மெதுவாக நடக்கும். கால்வாய்க்கு வேண்டியதும் அதே மென்மையான சரிவுதான். அந்தக் கன்னடியன் கால்வாயை நம்பி இன்றும் சுமார் 12,500 ஏக்கர் இருக்கிறது.

ஏன் படகு ஓடவில்லை?

இத்தனை கால்வாய்கள் இருந்தும் அவற்றில் சரக்குப் படகுகள் ஓடவில்லை. இது ஏன் என்று யோசித்தால் தமிழ்நாட்டிலேயே நேர் எதிரான ஓர் உதாரணம் கிடைக்கிறது. அது சென்னையின் பக்கிங்காம் கால்வாய்.

1806-இல் சென்னைக்கும் எண்ணூருக்கும் இடையே தொடங்கிய அந்தக் கால்வாய் முழுக்க முழுக்கப் போக்குவரத்துக்காக வெட்டப்பட்டது. கடலை ஒட்டி, கடல் மட்டத்திலேயே ஓடும் உப்புத் தண்ணீர். வயலுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. விறகும் உப்பும் நெல்லும் ஏற்றிய படகுகள்தான் அதன் வருமானம். 1877-78 தாது வருஷப் பஞ்சத்தின்போது, பட்டினியில் தவித்த மக்களைக் கூலிக்கு வைத்து அடையாறையும் கூவத்தையும் இணைக்கும் பகுதியை வெட்டினார்கள். 1878-இல் ஆளுநர் பக்கிங்காம் பிரபுவின் பெயர் வைத்தார்கள். 1934-இல் பாரதிதாசன் நண்பர்களோடு சென்னையில் இருந்து மாமல்லபுரம் போனதும் இந்தக் கால்வாயில் படகேறித்தான். 'மாவலிபுரச் செலவு' அந்தப் பயணத்தில் பிறந்த கவிதை.

ஆக, சென்னையின் கால்வாய் சரக்கைச் சுமந்தது, நெல்லையின் கால்வாய்கள் நெல்லை விளைவித்தன. இரண்டும் ஒரே வேலையைச் செய்ய முடியாது. படகு ஓட வேண்டும் என்றால் தண்ணீர் ஆழமாக, அசையாமல், தடை இல்லாமல் நிற்க வேண்டும். பாசனத்துக்குத் தண்ணீர் பிரிந்து, மடை மடையாக இறங்கி, கடைசி வயலில் காணாமலே போக வேண்டும். தாமிரபரணிக் கரையில் இருந்தவர்கள் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தார்கள். பாறையும் சரிவும் நிறைந்த ஆற்றுப் படுகையும் அவர்களுக்கு வேறு வழி விடவில்லை.

கடப்பதற்கு ஒரு படகு

நீளவாக்கில் படகு போகவில்லையே தவிர, குறுக்கே போயிற்று. அதுவும் திருநெல்வேலியின் நடுவிலேயே.

மேல்கரையில் நெல்லையப்பர் கோயில், கடைவீதி, வியாபாரம். கீழ்கரையில் பாளையங்கோட்டை, படை, வெள்ளைக்கார அதிகாரிகள். நடுவில் ஆறு. 1843-க்கு முன்பு இந்த இரண்டு ஊர்களுக்கும் நடுவே பாலம் கிடையாது. கோடையில் தண்ணீர் இறங்கிய இடமாகப் பார்த்து நடந்து கடக்கலாம். வெள்ளக் காலத்தில் படகுதான். படகில் இடம் பிடிக்கத் தள்ளுமுள்ளு, காத்திருப்பு, சண்டை என்று அந்தத் துறையைப் பற்றி ஊரில் இன்றும் கதைகள் சொல்வார்கள். வெள்ளம் அதிகமானால் படகும் போகாது. கச்சேரியில் வழக்கு, மறு கரையில் வாதி!

அப்போது கலெக்டர் அலுவலகத்தில் சிரஸ்தாராக இருந்தவர் சுலோசன முதலியார். பாலம் கட்டப் பணம் வேண்டும் என்ற பேச்சு வந்தபோது அவரே செலவை ஏற்றுக்கொண்டார். சுமார் அரை லட்சம் ரூபாய். 1840-களில் அரை லட்சம் என்றால் எவ்வளவு பெரிய தொகை என்று சொல்லத் தேவையில்லை. கேப்டன் ஹார்ஸ்லி என்ற பொறியாளரின் பொறுப்பில், 60 அடி அகலமுள்ள 11 வளைவுகளோடு பாலம் எழுந்து 1843-இல் திறக்கப்பட்டது. லண்டனில் தேம்ஸ் ஆற்றின் மேல் இருந்த வாட்டர்லூ பாலத்தின் சாயலில் அமைந்தது என்பார்கள். லண்டனில் அந்தப் பழைய வாட்டர்லூ பாலத்தை 1930-களில் இடித்துவிட்டார்கள். நெல்லையில் சுலோசன முதலியார் பாலம் இன்றும் பேருந்துகளைச் சுமந்துகொண்டிருக்கிறது.

ஓர் அரசு ஊழியர் தன் கைக்காசில் ஊருக்குப் பாலம் கட்டினார் என்பது கேட்க விசித்திரமாக இருக்கலாம். இதற்குக் கட்டணம் வசூலித்து முதலை எடுக்கும் திட்டமும் இல்லை. வரவு இல்லாத செலவு. ஆனால் அந்தச் செலவின் வரவை 180 வருடங்களுக்கும் மேலாக இரண்டு கரைகளும் அனுபவித்து வருகின்றன.

கொற்கை: கடலை இழந்த துறைமுகம்

சீவலப்பேரியில் சிற்றாறு வந்து சேர்கிறது. 'முக்கூடற் பள்ளு' பேசும் முக்கூடல் இதுதான். அதற்குக் கீழே மருதூர், ஸ்ரீவைகுண்டம், ஏரல் என்று ஆறு சமவெளியில் இறங்கியதும் கதை மாறுகிறது. இங்கே ஆறு நிலத்தை நனைப்பதோடு நிற்கவில்லை, நிலத்தையே உருவாக்குகிறது.

பாண்டியர்களின் துறைமுகம் கொற்கை. சங்க இலக்கியத்தில் கொற்கை முத்து இல்லாமல் முத்து இல்லை. கி.பி. முதல் நூற்றாண்டில் ஒரு கிரேக்க வணிகர் எழுதிய 'பெரிப்ளூஸ்' என்ற கடல் வழிக் கையேடு இந்த ஊரைக் கொல்கோய் என்கிறது. அங்கே முத்துக் குளிப்பில் தண்டனை பெற்ற கைதிகள் ஈடுபடுத்தப்பட்டார்கள் என்றும் சொல்கிறது. முத்தின் பளபளப்புக்குப் பின்னால் இப்படி ஒரு கணக்கும் இருந்திருக்கிறது. அடுத்த நூற்றாண்டில் தாலமியும் கொல்கோயைக் குறிப்பிடுகிறார்.

இன்றைக்குக் கொற்கைக்குப் போனால் என்ன தெரியும்? வயல், வாழைத் தோட்டம், ஒரு குளம், பழைய வன்னி மரம், அக்கசாலை ஈசுவரர் கோயில். அக்கசாலை என்றால் நாணயம் அடிக்கும் சாலை. கடல் மட்டும் இல்லை. அது ஏழு கிலோமீட்டர் போலத் தள்ளிப் போய்விட்டது!

உண்மையில் கடல் போகவில்லை, ஆறுதான் தள்ளியது. மலையில் இருந்து வண்டலைக் கொண்டு வந்து கழிமுகத்தில் கொட்டிக்கொண்டே இருந்தது. வெள்ளத்துக்கு வெள்ளம் கரை முன்னால் நகர்ந்தது. கப்பல் நின்ற இடத்தில் மாடு மேய்ந்தது. இதை 19-ஆம் நூற்றாண்டில் தெளிவாக எடுத்துச் சொன்னவர் இடையன்குடியில் வாழ்ந்த பிஷப் கால்டுவெல். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதிய அதே கால்டுவெல்தான். 1881-இல் வெளிவந்த அவரது திருநெல்வேலி வரலாற்று நூலில், கொற்கை, காயல் என்ற இரண்டு துறைமுகங்களும் ஒன்றன் பின் ஒன்றாக வண்டலுக்குப் பலியானதை விளக்கினார். 1968-69-இல் தமிழ்நாடு தொல்லியல் துறை கொற்கையில் அகழாய்வு செய்தபோது கிடைத்த கரியின் காலம் கி.மு. 785 என்று கணிக்கப்பட்டது. பக்கத்துச் சிவகளையில் தாழியில் கிடைத்த நெல்மணிகளின் காலம் கி.மு. 1155 என்று 2021-இல் அறிவிக்கப்பட்டது. இந்தப் பள்ளத்தாக்கில் நெல்லுக்கும் ஆற்றுக்கும் உள்ள உறவு எவ்வளவு பழையது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

காயல்: குதிரை வியாபாரம்

கொற்கையைத் தூர்த்த ஆறு, கொஞ்சம் கிழக்கே இன்னொரு துறைமுகத்துக்கு இடம் கொடுத்தது. அதுதான் காயல், இன்றைய பழையகாயல். 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் வந்த மார்க்கோ போலோ இதைப் பெரிய, சிறப்பான நகரம் என்கிறார். ஹோர்முஸ், ஏடன் முதலிய இடங்களில் இருந்து குதிரைகளோடு கப்பல்கள் வந்து நின்றன.

இந்தக் குதிரை வியாபாரம் படிக்கப் படிக்க ஆச்சரியம் தரும். பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் தரும் கணக்குப்படி ஒரு குதிரையின் விலை 220 தினார். வழியில் குதிரை செத்துப் போனாலும் பாண்டிய அரசு பணம் கொடுத்துவிட வேண்டும் என்பது ஒப்பந்தம். இங்கே வந்த குதிரைகளும் வெகுநாள் வாழவில்லை. லாடம் அடிப்பவர்களும் குதிரை வைத்தியம் தெரிந்தவர்களும் இல்லாததால் அவை செத்துக்கொண்டே இருந்தன என்கிறார் மார்க்கோ போலோ. அப்படித் தெரிந்தவர்கள் யாரும் இங்கே வந்துவிடாமல் குதிரை வியாபாரிகளே பார்த்துக்கொண்டார்களாம். பழைய குதிரை பிழைத்தால் புதுக் குதிரை விற்காதே! வாங்குபவனுக்கு விஷயம் தெரியக் கூடாது, இழப்பும் அவன் தலையிலேயே விழ வேண்டும். 700 வருடத்துக்கு முன்பே இந்தத் தந்திரம் நம் கடற்கரையில் நடந்திருக்கிறது.

காயலும் நிலைக்கவில்லை. வண்டல் அதையும் மூடியது. கால்டுவெல் அங்கே நடந்தபோது கண்டதெல்லாம் தரை முழுக்கச் சிதறிக் கிடந்த ஓடுகளும், அவற்றின் நடுவே சீனப் பீங்கான் துண்டுகளும்தான்.

புன்னைக்காயல், தூத்துக்குடி

அடுத்த முறை ஆற்றின் முகத்திலேயே இருந்த புன்னைக்காயலுக்கு. 16-ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் இங்கே தளம் அமைத்தார்கள். தமிழில் அச்சு நூல்கள் வெளிவரக் காரணமான அண்டிரிக் அடிகளார் இந்த ஊரில் தங்கித்தான் பணி செய்தார். அவருடைய 'தம்பிரான் வணக்கம்' 1578-இல் கொல்லத்தில் அச்சானது. முத்துக் குளிக்கும் பரதவர்களின் பேச்சைக் காதால் கேட்டு அவர் கற்ற தமிழ் அது.

பிறகு வியாபாரம் ஆற்றை விட்டே விலகிப் போனது. தூத்துக்குடி முன்னுக்கு வந்தது. 1658-இல் டச்சுக்காரர்கள் அதைப் பிடித்தார்கள். 1906-இல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியதும் அங்கேதான். 1974-இல் அது பெரிய துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. தூத்துக்குடியின் பெரிய வசதி, அது தாமிரபரணியின் வாயில் இல்லை என்பதே. கொற்கைக்கும் காயலுக்கும் நேர்ந்தது அதற்கு நேரவில்லை. ஆறு ஊட்டி வளர்த்த துறைமுகங்களை ஆறே மூடியது, ஆற்றை விட்டுத் தள்ளி நின்ற துறைமுகம் பிழைத்தது.

ஆனால் வண்டலின் கதை முடிந்துவிடவில்லை. இப்போது அது அணைகளுக்குள் சேர்கிறது. ஸ்ரீவைகுண்டம் அணை தூர்ந்துபோய்த் தண்ணீர் கொள்ளாமல் கிடந்ததால் விவசாயிகள் வருடக்கணக்கில் போராட வேண்டி வந்தது. கடைசியில் 2015-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தலையிட்ட பிறகே தூர்வாரும் வேலை நடந்தது.

மறுபடி வந்த படகு

தோணி போகாத ஆறு என்று தலைப்பு வைத்தாயிற்று. ஆனால் 2023 டிசம்பரில் இந்தப் பள்ளத்தாக்கு முழுக்கப் படகு ஓடியது.

டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை யாரும் மறந்திருக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செ.மீ.-க்கும் மேல். சாதாரணமாக ஒரு வருடம் முழுக்கப் பெய்ய வேண்டிய மழை! ஆறு கரை கடந்தது. குளங்கள் உடைந்தன. திருச்செந்தூரில் இருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் சிக்கியது. சுமார் 800 பயணிகள். தண்டவாளத்துக்கு அடியில் இருந்த மண்ணும் ஜல்லியும் அடித்துச் செல்லப்பட்டு, தண்டவாளம் மட்டும் அந்தரத்தில் தொங்கியது. நெல்லையில் கொக்கிரகுளம் கலெக்டர் அலுவலகத்தையே தண்ணீர் சூழ்ந்தது. மருந்துக்கும் பாலுக்கும் வழி இல்லாமல் தெருக்கள் தீவுகளாகின.

அப்போது கடலோர மீனவர்கள் தங்கள் படகுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். கடலில் ஓட வேண்டிய ஃபைபர் படகுகள் தெருவில் ஓடின. 1843-க்குப் பிறகு படகை மறந்த ஊர், ஒரு வாரம் படகை நம்பிப் பிழைத்தது. 1992 நவம்பர் வெள்ளத்தைப் பார்த்த பெரியவர்கள்கூட இது அதையும் மிஞ்சியது என்றார்கள்.

அந்த நாட்களில் தண்ணீர் புதிதாக எங்கும் போய்விடவில்லை. பெரும்பாலும் அது பழைய வழியிலேயே போனது. எங்கே கால்வாய் இருந்ததோ, எங்கே குளத்தின் உள்வாய் இருந்ததோ அங்கேயே போய் நின்றது. நடுவில் அங்கே வீடும் கடையும் சாலையும் வந்திருந்தன, அவ்வளவுதான். கன்னடியன் கதையில் வரும் பசு எங்கே நடந்தது, எங்கே படுத்தது என்பதை மனிதர்கள் மறந்துவிட்டார்கள். ஆறு மறக்கவில்லை.

நெல்லைக்குக் கயாக் வருமோ வராதோ தெரியாது. இப்போது யாராவது டவுன் கால்வாயில் துடுப்புப் போட்டால் ஆகாயத்தாமரையும் பாலித்தீன் பையும் சாக்கடை நாற்றமும்தான் வரவேற்கும். ஆனால் அந்தக் கால்வாய் எங்கே தொடங்கி, எந்தக் குளத்தை நிரப்பி, எந்த வயலில் முடிகிறது என்று கரையோரமாக நடந்து பார்க்கப் படகு தேவையில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமையும் ஒரு சைக்கிளும் போதும். நடுவில் வழி காணாமல் போகும் இடங்களை மட்டும் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். அடுத்த வெள்ளத்தில் தண்ணீர் முதலில் தேடி வரப்போவது அந்த இடங்களைத்தான்.